ஆடுபவர் ஒருவர், உடன் வருபவர் ஒருவர்

கோல்ஃப் என்ற ஆட்டத்தைப் பற்றி லேப் அக்காவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது சனிக்கிழமையைத் தின்றுவிடும். மற்றபடி, ஒரு சின்னப் பந்தைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அடித்துவிட்டு அதன் பின்னாலேயே மாங்கு மாங்கென்று நடந்து போவதில் என்ன சுகம் இருக்கிறது என்பது அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை மட்டும் உண்டு. ஆசையா அது, அரிப்பு என்றே சொல்லலாம்.

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள்தான் தலைமை. வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைத் தடவிப் பார்த்தால் ஆள் நேற்று என்ன சாப்பிட்டான் என்பது வரை சொல்லிவிடுவாள் என்று நர்சுகள் அளந்து விடுவார்கள். அது சும்மா. ஆனால் எதையும் துருவிப் பார்க்காமல் விடமாட்டாள் என்பது நிஜம். அப்படிப்பட்டவள், கட்டின புருஷனின் சனிக்கிழமையை மட்டும் இத்தனை வருஷம் துருவாமல் விட்டிருக்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கோல்ஃப் மட்டைகளை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

வீட்டுக்காரருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. கடை எரிந்துபோச்சு, கார் நசுங்கிப்போச்சு, வெள்ளத்தில் மெஷின் போச்சு என்று நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் கதையைக் கேட்டு, கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்கிற அதிகாரி. பெரும்பாலும் கூடாது. ஆபீசில் அவருக்குப் பின்னால் 'இல்லை சார்' என்றுதான் பெயர். அவருக்கும் அது தெரியும். பதவி உயர்வு வந்த வருஷம், புதிதாக வந்த பெரிய மேனேஜர் ஒரு கோல்ஃப் பைத்தியம். அதிகாரிகள் எல்லோரும் ஆடினால் நன்றாக இருக்கும் என்று ஜாடையாகச் சொன்னார். மேனேஜர் ஜாடையாகச் சொன்னால் அதற்கு அர்த்தம் உத்தரவு என்பது யாருக்குத் தெரியாது? லேப் அக்கா தன் சேமிப்பை உடைத்து ஒரு முழு செட் வாங்கினாள், பை, தொப்பி, கையுறை எல்லாம் சேர்த்து. வாங்கினதோடு விட்டாளா? "எங்க வீட்டுக்காரர் கோல்ஃப் ஆடறார்" என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தண்டோரா போட்டாள்.

அன்று ஆரம்பித்தது. சனிக்கிழமை விடிந்தால் பையைக் காரில் போட்டுக்கொண்டு போவார். சாயங்காலம் ஷூவில் புல் ஒட்டிக்கொண்டிருக்க, களைத்துப்போய், முகம் மட்டும் தெளிந்து வருவார். பெரிய மேனேஜர் மாற்றலாகிப் போன பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது லேப் அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"இந்த ஒரு சனிக்கிழமை வீட்ல இருக்கக்கூடாதாங்க?"

"இல்லம்மா" என்றார். கோபமாகக்கூட இல்லை. ஆபீசில் சொல்வாரே, அதே மிருதுவான குரல்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததால் ஆறிவிட்டது என்று நினைத்தால் அது தப்பு.

இப்போது மாசக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். லேப் அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆபீஸ் போகிற மனுஷனுக்கே ஒரு சனிக்கிழமை வேண்டியிருக்கிறது என்றால், ஆபீஸ் இல்லாத மனுஷனுக்கு வாரம் முழுக்கச் சனிக்கிழமைதானே? மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினாள். மகள் வெளியூரில் இருக்கிறாள், அம்மா மாதிரியே வாய்.

"அவரை அந்த ஆட்டத்துலேர்ந்து பிரிக்க உன்னால முடியாதும்மா. பேசாம நீயும் கத்துக்கோ. சேர்ந்து எங்கயாவது போங்க. கோல்ஃப் ஆடறவங்களுக்குன்னே தீவு, கப்பல் எல்லாம் இருக்காமே."

பட்டென்று உறைத்தது. மிச்சம் இருக்கிற வாழ்க்கையிலாவது இந்த மனுஷனோடு ஒரு பக்கமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அவர் தன் பக்கம் வரமாட்டார் என்றால் அவர் பக்கம் தான் போய்விடுவது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டிராவல்ஸ் ஆபீசுக்குள் நுழைந்தாள்.

அங்கே கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் பேச்சில் கெட்டிக்காரி. படம் போட்ட புத்தகங்களை மேஜை முழுக்கப் பரப்பினாள். "ரெண்டு வழி இருக்கு மேடம். ரிசார்ட்னா ஒரே தீவு. கதவைத் திறந்தா புல்லு, ஜன்னலைத் திறந்தா கடல். அங்கயே இருந்து அங்கயே ஆடலாம். கப்பல்னா வேற. நீங்க தூங்கிட்டிருக்கும்போது கப்பல் நகர்ந்துடும். காலைல எழுந்தா புதுத் தீவு, புது மைதானம். மட்டைகளை அவங்களே இறக்கி, அவங்களே துடைச்சு, அவங்களே ஏத்திடுவாங்க."

லேப் அக்கா ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். பாறை விளிம்பில் ஒருவன் மட்டையோடு நிற்கிறான். அவனுக்கு முன்னால் புல்லே இல்லை, கடல்தான் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாறை, அதன் மேல் குட்டியாக ஒரு கொடி.

"இது என்னம்மா, நடுவுல கடல் இருக்கு?"

"அது ஏழாவது குழி மேடம். கடலைத் தாண்டி அடிக்கணும்."

"கடல்ல விழுந்தா?"

"மீன் எடுத்துக்கும். நீங்க வேற பந்து எடுத்துக்கணும்."

லேப் அக்காவுக்குச் சிரிப்பு தாளவில்லை. கூடவே ஒரு குறுகுறுப்பு. தாண்டுமா தாண்டாதா என்று தெரியாமல் கடலைப் பார்த்துப் பந்தை அடிக்கிற அந்த நிமிஷம் எப்படி இருக்கும்? பார்க்கத்தான் வேண்டும்.

"எழுதிக்கறேன் மேடம். ஆடுபவர் ஒருவர், உடன் வருபவர் ஒருவர். சரிதானே?"

"உடன் வருபவர் என்ன பண்ணுவாங்க?"

"நல்லா ரெஸ்ட் எடுக்கலாம் மேடம். பெரிய குடை போட்டிருப்பாங்க. அதுக்கு அடியில உட்கார்ந்து சார் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்."

"அதைத்தான் நான் இங்க குடையே இல்லாம பண்ணிட்டிருக்கேனே! அதுக்கு எதுக்குத் தீவு? ரெண்டு பேரும் ஆடறவங்கன்னு எழுது."

டிராவல்ஸ் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மரியாதையாக அப்படியே எழுதினாள். "சார் எப்படி ஆடுவார் மேடம்? ஹாண்டிகேப் எவ்வளவு? அதாவது எவ்வளவு நல்லா ஆடறார்னு ஒரு நம்பர் இருக்கும். அது தெரியாம சில மைதானத்துல விடமாட்டாங்க. அப்புறம் வலது கையா, இடது கையா?"

இதெல்லாம் லேப் அக்காவுக்குத் தெரியுமா என்ன? கேட்டுச் சொல்கிறேன் என்று புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவற்றை மேஜையில் பரப்பினாள். ஒரு கோல்ஃப்காரருக்கு முன்னால் தீவுகளைப் பரப்பினால் அவர் என்ன செய்ய வேண்டும்? முகம் மலர வேண்டாமா? இவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?"

"ரிட்டயர்மென்ட்டுக்கு என் பரிசு. கப்பலா, ரிசார்ட்டா? நீங்களே சொல்லுங்க."

"கப்பல் எனக்கு ஒத்துக்காது. தலை சுத்தும்."

"அப்ப ரிசார்ட்."

"அங்கெல்லாம் பயங்கர வெயிலா இருக்கும்."

வெயிலைக் கண்டு பயப்படுகிற கோல்ஃப்காரர்! லேப் அக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. "சரி, அதை அப்புறம் பார்ப்போம். உங்க நம்பர் எவ்வளவுன்னு கேட்டாங்க. என்னமோ ஹாண்டிகேப்பாமே."

"அது... அப்பப்ப மாறும்."

"இன்னைக்கு எவ்வளவு?"

"இன்னைக்கு நான் ஆடலையே."

"போகட்டும். வலது கை ஆட்டமா, இடது கை ஆட்டமா?"

அவர் இரண்டு கைகளையும் பார்த்தார். சாதத்தைப் பிசைகிற கை எது என்று ஒரு விநாடி யோசிப்பவர் போலப் பார்த்தார். பிறகு, "வலதுன்னே போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதென்ன 'வலதுன்னே போடு'? காய்கறிக் கடையில் கொசுறு கேட்கிற மாதிரி?

இருந்தாலும் அவள் தன் திட்டத்தை விடவில்லை. ஊருக்கு வெளியே கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஒரு பயிற்சித் திடல் இருந்தது. தடுப்பு கட்டிய வரிசையில் நின்றுகொண்டு, எதிரே விரிந்து கிடக்கும் புல்வெளியைப் பார்த்துப் பந்தை அடித்துப் பழகலாம். வார நாட்களில் டியூட்டி முடிந்ததும் அங்கே போய்க் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. தீவில் போய் இறங்கி, அவர் மட்டையை எடுக்கும்போது தானும் ஒரு மட்டையை எடுத்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அங்கே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் பொறுமைசாலி. அவளிடம் அது நிறையவே செலவானது. முதல் நாள் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, மட்டைதான் கையை விட்டுப் பறந்தது. ஆனால் போகப் போக, பத்து அடியில் ஒன்று சரியாகப் பட்டபோது, மட்டையிலிருந்து தோள் வரைக்கும் ஒரு சுகம் ஏறியது. அட, இதுவா விஷயம்! இதற்காகத்தானா இந்த மனுஷன் ஓடினார்? அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. பாவம், சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

அப்படி நினைத்த வாரத்திலேயே எல்லாம் தலைகீழாகப் போயிற்று. ஒருநாள் அவள் கையுறையைத் தப்பான கையில் மாட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் சிரித்தபடி தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். வலது கை வெயிலில் கறுத்திருந்தது. இடது கை மணிக்கட்டு வரை வெளுத்திருந்தது, வேறு யாருடைய கையையோ ஒட்டவைத்தது போல.

"வலது கை ஆட்டக்காரருக்கு உறை இடது கைல மேடம். எங்களை எல்லாம் கையைப் பார்த்தே கண்டுபிடிச்சிடலாம். எத்தனை வருஷமா ஆடறாங்கன்னுகூடச் சொல்லிடலாம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் லேப் அக்கா நகவெட்டியை எடுத்தாள். "நகம் இவ்வளவு வளர்ந்திருக்கே, காட்டுங்க" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தன் மடியில் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்தாள். வாழ்க்கை முழுக்கச் சாம்பிள் பார்த்த கண் அது, ஏமாறுமா? இரண்டு கையும் ஒரே நிறம். இரண்டுமே வெளுப்பு. தோள் வரைக்கும் வெளுப்பு. வருஷக்கணக்காக வெயிலில் மட்டை பிடித்த ஆளுடைய கை இல்லை இது. எங்கேயோ நிழலில் இருந்த கை.

நகத்தை ஒழுங்காகத்தான் வெட்டினாள். உள்ளே மட்டும் என்னவோ முறிந்துவிட்டது.

மறுநாள் மாஸ்டரிடம் பேச்சோடு பேச்சாக, "இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆபீசர் ஒருத்தர், மீசை வெச்சிருப்பார், சனிக்கிழமை தவறாம ஆட வருவார், தெரியுமா?" என்று கேட்டாள்.

மாஸ்டர் யோசித்தார். "ஆடறவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும் மேடம். அப்படி யாரும் ஆடறதில்லையே."

நிழலில் இருக்கிறார் என்றால் யாருடைய வீட்டு நிழல்? அந்தக் கேள்வி வந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டிராவல்ஸ் பெண் போன் போட்டு, "சனிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும் மேடம், கப்பல்ல ரெண்டு மூணு அறைதான் மிச்சம் இருக்கு" என்றாள். யாரோடு போவதற்கு அறை? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனாலும், இதுதான் அவள் சுபாவம், கண்ணால் பார்க்காமல் எதையும் முடிவு கட்டமாட்டாள்.

சனிக்கிழமை அவர் கிளம்பின கொஞ்ச நேரத்தில் இவளும் ஆட்டோ பிடித்தாள். ஏதாவது தெரியாத தெருவில் அவர் கார் நிற்கும் என்று வழியெல்லாம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனாள். எங்கும் இல்லை. கடைசியில் பார்த்தால் கோல்ஃப் மைதானத்து வாசலில் ஜம்மென்று நிற்கிறது. கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். மட்டைப் பை பின் சீட்டில் அப்படியே படுத்திருந்தது. ஆள் வந்திருக்கிறார், மட்டை வரவில்லை. இது என்ன கூத்து?

தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பயிற்சித் திடலில் ஒரு தடுப்பில் இடம் பிடித்தாள். அங்கிருந்து மைதானத்துக்குள் போகிற பாதை, கேன்டீன், ஆபீஸ் எல்லாம் தெரியும். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று ஒரு வாளிப் பந்தும் வாங்கி வைத்துக்கொண்டாள். சனிக்கிழமைக் கூட்டம், வரிசை முழுக்க ஆட்கள். எதிரே புல்வெளியில் ஒரு விசித்திரமான வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் இரும்பு வலைக் கூண்டு, மேலே தகரக் கூரை, முன்னால் உருளைகள். புல்லில் கிடக்கும் பந்துகளை உருளைகள் அள்ளிக்கொண்டே போயின.

பக்கத்துத் தடுப்பில் நின்ற தொந்திக்காரர் தன் சிநேகிதரிடம், "வண்டில அடிச்சா இன்னைக்கு டீ என் செலவு" என்றார்.

"ஐயோ, உள்ள ஆள் இருக்காரே!" என்றாள் லேப் அக்கா.

"அதான் கூண்டு இருக்கே மேடம். எல்லாரும் அதைக் குறி வெச்சுதான் அடிப்பாங்க. நீங்களும் அடிங்க, மனசுல இருக்கறதெல்லாம் போயிடும்."

அவள் மனதில் அன்றைக்கு இருந்தது கொஞ்சமா நஞ்சமா? வண்டி திரும்புவதற்காக வரிசைக்குப் பக்கமாக வந்தது. லேப் அக்கா பந்தை வைத்தாள், பல்லைக் கடித்தாள், இழுத்து ஒரு அடி. வாழ்நாளில் அடிக்காத அடி! பந்து நேராகப் போய்க் கூண்டில் 'ணங்' என்று மோதியது. வரிசை முழுக்கக் கைதட்டல், விசில். தொந்திக்காரர், "சபாஷ் மேடம்!" என்று குதித்தார்.

வண்டிக்குள் இருந்தவர் வழக்கம்போல ஒரு கையைத் தூக்கிச் சலாம் போட்டுக்கொண்டே அடித்தது யார் என்று திரும்பினார். வலைக்குப் பின்னால் மீசை தெரிந்தது. தூக்கின கை அப்படியே நின்றது. வண்டியும் நின்றது.

அதன் பிறகு இருவரும் சந்தித்தது வண்டி நிறுத்துகிற கொட்டகையில். பந்து கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லேப் அக்காவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. வேறு ஒருத்தி இல்லை! சிரிப்பு அடங்குவதற்குள் அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து ஆத்திரம்.

"பந்து பொறுக்கறதுக்காங்க என்னை வருஷக்கணக்கா விட்டுட்டு வந்தீங்க?"

"நான் ஒரு நாள்கூட ஆடினதில்லம்மா. முதல் நாள் எத்தனையோ தடவை மட்டையை வீசினேன், ஒரு பந்துகூடப் படலை. மேனேஜர் முன்னாடியே எல்லாரும் சிரிச்சாங்க. உன்கிட்ட வந்து சொல்லலாம்னு பார்த்தா, நீ ஊர் பூராச் சொல்லி வெச்சிருந்தே. எப்படிச் சொல்வேன்?"

"அப்ப வீட்டுக்கு வந்திருக்கலாமே! வண்டி எதுக்கு?"

அவர் தொட்டியில் கிடந்த ஒரு பந்தை எடுத்துக் கையில் உருட்டினார்.

"அந்த வாரம் ஒரு தையல்காரம்மா வந்தாங்க. கடை எரிஞ்சுபோச்சு. மெஷின், துணி, ஒண்ணும் மிஞ்சலை. ஒயரிங் சரியில்லைன்னா கொடுக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு, நான் இல்லைன்னுட்டேன். அவங்க திட்டலை. 'நன்றிங்க சார்'னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு அது தாங்கலை. அந்தச் சனிக்கிழமை இங்க வண்டி ஓட்டறவர் வரலை, யாராவது ஓட்டறீங்களான்னு கேட்டாங்க, ஏறிட்டேன். நாலு பக்கமும் பந்து வந்து விழுது. ணங்கு ணங்குன்னு. எனக்கு என்னமோ... வாரம் பூரா எல்லாருக்கும் இல்லைன்னு சொல்றோமே, இவங்களாவது நல்லா அடிக்கட்டும்னு இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரிதான் தூங்கினேன். அப்புறம் விட முடியலை."

லேப் அக்கா அவரைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனுஷன், பக்கத்தில் படுத்துத் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறார், ஒரு வார்த்தை தெரியவில்லையே! அந்த நேரம் பார்த்து அவள் பையில் போன் அடித்தது. டிராவல்ஸ் பெண்.

"வேண்டாம்னு சொல்லிடு" என்றார் அவர் மெதுவாக. "நான்தான் ஆடறதில்லையே, எதுக்கு?"

"நான் ஆடறேன்" என்றாள் லேப் அக்கா. போனை எடுத்தாள். "கப்பலே போட்டுடும்மா. கடல் நடுவுல இருக்கற அந்தக் குழி உள்ள தீவு வர்றதாப் பாரு. ஆடறது ஒருத்தர். நான்தான். சார்தான் கூட வர்றவர்... ஆமா. காத்திருப்பார், அதெல்லாம் நல்லாக் காத்திருப்பார்."

அவர் வாயைத் திறந்தார். "தலை சுத்தும்" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். "ஜன்னல் பக்கமா ஒரு அறை கேளு" என்றார்.

இத்தோடு சமாதானம் ஆகிவிட்டது, இருவரும் கை கோத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் லேப் அக்காவை உங்களுக்குத் தெரியாது. போனைப் பையில் போட்டுவிட்டு அவள் கொட்டகை வாசலில் நின்றுகொண்டாள்.

"தையல்காரம்மாவுக்காக அடி வாங்கினீங்க. கார்காரனுக்காக வாங்கினீங்க. ஊர்ல இருக்கறவன் அத்தனை பேருக்காகவும் வாங்கினீங்க. நானும்தானே ஒரு தடவை வந்து கேட்டேன்? ஒரே ஒரு சனிக்கிழமை. எனக்கும் அதே குரல்ல இல்லைன்னுதானே சொன்னீங்க? என் கணக்கு எங்க போச்சு?"

அவர் கையிலிருந்த பந்தைத் தொட்டியில் போட்டார். 

"ஏறுங்க வண்டில" என்றாள்.

வண்டி மறுபடியும் புல்வெளிக்குப் போனது. லேப் அக்கா தன் தடுப்புக்கு வந்து வாளியிலிருந்து ஒரு பந்தை எடுத்து வைத்தாள். "இது பள்ளிக்கூட நாடகத்துக்கு" என்றாள், வாய்விட்டு. மகள் ராணி வேஷம் போட்ட நாடகம், பக்கத்து நாற்காலி காலியாக இருந்த நாடகம். அடித்தாள். பந்து உருண்டு கொஞ்ச தூரத்தில் நின்றது. "இது எங்கப்பா ஆபரேஷனுக்கு. வெளியில பெஞ்சில தனியா உட்கார்ந்திருந்தேனே, அதுக்கு." அது கொஞ்சம் எழும்பிப் பாதி வழியில் விழுந்தது. "இது கேட்டதுக்கு. இது அதுக்கப்புறம் கேக்காம இருந்ததுக்கு."

தொந்திக்காரர் மட்டையைக் கீழே வைத்துவிட்டார். வரிசையில் ஒவ்வொருவராக அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒன்றும் எட்டவில்லை. முன்பு பட்டது குருட்டாம்போக்கில் பட்டது, அப்போது வண்டியும் கிட்டே இருந்தது. இப்போது அது ஆண்கள் அடிக்கிற தூரத்தில் நின்றது. அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. இத்தனை வருஷக் கோபம், அதை ஓங்கி அடித்தாலும் போய்ச் சேரவில்லை என்றால் ஒருத்தி என்னதான் செய்வாள்? வாளியில் கைவிட்டுத் துழாவினாள்.

நிமிர்ந்தபோது வண்டி திரும்பியிருந்தது. பந்துகள் கிடந்த பக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு, நேராக அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வண்டி தாண்டக்கூடாது என்று வெள்ளைக் கோடு போட்டிருந்த இடத்தையும் தாண்டியது. ஆபீஸ் வாசலிலிருந்து யாரோ கையை ஆட்டிக் கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. அவள் பந்து எந்த இடம் வரைக்கும் வந்து விழுந்ததோ, அந்த இடம் வரைக்கும் வந்து, வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

லேப் அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்தை வைத்தாள்.